முதலில் எண்ணெய், கடைசியில் பெட்ரோல்: இன்ஜின் வேலை முடிந்த பழைய எம்பிஎஃப்ஐ காரை முதன்முறை ஸ்டார்ட் செய்வது எப்படி

காட்பாடி ரயில் நிலைய வாசலில் அம்பாசிடர் டாக்ஸிகள் வரிசையாக நின்ற காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வங்காளத்திலிருந்து சிஎம்சி மருத்துவமனைக்கு வரும் நோயாளிகளை ஏற்றிக்கொண்டு பாலாற்றுப் பாலம் தாண்டி வேலூருக்குள் வரும். அந்தக் காரும் வங்காளத்து உத்தர்பாராவில் செய்ததுதான். 2014 மே மாதத்தோடு அங்கே உற்பத்தி நின்றது. இன்று எங்கள் பக்கம் அம்பாசிடர் வைத்திருப்பவர்கள் ஆசைக்காக வைத்திருப்பவர்கள். என்னுடையது 1800 ஐஎஸ்இசட். இசுசு இன்ஜின், 1817 சிசி, எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் பெட்ரோல் தெளிக்கும் முறை). போன வருடம் இன்ஜினை இறக்கி, தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து ரீபோர் செய்து, புது பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் போட்டு ஏற்றினோம்.

இறக்கி ஏற்றும் வேலைக்கு ஊரில் நல்ல கைகள் இருக்கின்றன. ஆனால் முதன்முறை சாவி திருப்பும் அந்த அரைமணி நேரத்தைப் பற்றி யாரும் விளக்கமாகச் சொல்வதில்லை. கார்புரேட்டர் வண்டிகளில் பழகிய முறையையே இன்ஜெக்‌ஷன் வண்டிக்கும் செய்கிறார்கள். அம்பாசிடர் ஐஎஸ்இசட் மட்டுமல்ல, எம்பிஎஃப்ஐ வந்த எஸ்டீம், ஜென், மாருதி 800 எதற்கும் அது ஆகாது.

காரணம் இதுதான். கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் தானாக வரட்டும் என்று செல்ஃப் அடித்துக்கொண்டே இருப்போம். இன்ஜெக்‌ஷன் வண்டியில் செல்ஃப் சுற்றும் ஒவ்வொரு நொடியும் ஈசியூ (இன்ஜினை நடத்தும் கணினி), குளிர்ந்த இன்ஜின் என்று எண்ணிக் கூடுதலாகப் பெட்ரோல் தெளிக்கும். பற்றாத பெட்ரோல், புதிதாக உரசி ஹோன் செய்த சிலிண்டர் சுவரில் இருக்கும் எண்ணெயைக் கழுவிவிடும். அப்புறம் ரிங் வழியாக, இன்ஜின் அடியில் எண்ணெய் தேங்கும் சம்ப்புக்குள் இறங்கி எண்ணெயை நீர்க்கச் செய்யும். புது ரிங்கும் புது பேரிங்கும் ஓடுவதற்கு முன்பே தேயத் தொடங்கும். அதனால் வரிசை முக்கியம். முதலில் எண்ணெய் அழுத்தம், அப்புறம் தீப்பொறி, கடைசியில்தான் பெட்ரோல்.

இதை நான் கற்றது ஒரு மாருதி 800-இல். இன்ஜினைப் பூட்டியதும் ஆர்வத்தில் செல்ஃப் அடித்தோம், அடித்துக்கொண்டே இருந்தோம். இரண்டு பேட்டரி இறங்கியது. கடைசியில் பார்த்தால் மேனிஃபோல்டில் பூட்ட வேண்டிய ஈசியூவின் எர்த் ஒயர் பெயிண்ட் மேல் உட்கார்ந்திருந்தது. டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்தேன், பெட்ரோல் வாசனை. ஒரு கிலோமீட்டர்கூட ஓடாத புது எண்ணெயைக் கொட்டி மாற்றினோம். எண்ணெயின் விலை பெரிதல்ல. அந்தச் சிலிண்டர் சுவர் பட்ட பாடுதான் இன்றைக்கும் மனதை உறுத்துகிறது.

எண்ணெய்

சாதாரண மினரல் எண்ணெய் போதும். 20டபிள்யூ-40 அல்லது உங்கள் வண்டியின் கையேடு சொல்லும் கிரேடு. முழு சிந்தெடிக் எண்ணெய் இப்போது வேண்டாம். ரிங் சிலிண்டரோடு ஒட்டிப் படிவதற்குக் கொஞ்சம் உராய்வு தேவை. ஆயில் ஃபில்டர் புதிதாக இருக்கட்டும். அது நேராகத் தொங்கும் வகை என்றால் பூட்டும் முன் எண்ணெய் ஊற்றி நிரப்பிக்கொள்ளுங்கள். பூட்டிய இன்ஜின் மாதக்கணக்கில் சும்மா நின்றிருந்தால், அசெம்பிளி செய்தபோது பேரிங்கில் தடவிய எண்ணெய் வழிந்து இறங்கியிருக்கும். அப்படிப்பட்ட இன்ஜினில் கீழே நான் சொல்லும் பெட்ரோல் இல்லாத செல்ஃபைத் தவிர்க்கவே கூடாது.

தண்ணீரும் தெர்மோஸ்டாட்டும்

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் போர் தண்ணீரின் உப்பு எல்லோருக்கும் தெரியும். தோல் தொழிற்சாலைகள் பாலாற்று நிலத்தடி நீரை என்ன செய்தன என்பது குடிக்கும் வாயிலேயே தெரிந்த கதை. அந்தத் தண்ணீரைப் புது இன்ஜினுக்குள் விடாதீர்கள். அலுமினிய ஹெட்டையும் ரேடியேட்டரையும் அரித்துவிடும். கலந்தே விற்கும் கூலண்ட் வாங்குங்கள், அல்லது பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் கூலண்ட் கலந்துகொள்ளுங்கள்.

ஊற்றும்போது ஹீட்டர் இருந்தால் அதன் குழாயைத் திறந்து வையுங்கள். மேல் ஹோஸைக் கையால் பிசைந்து பிசைந்து காற்றை வெளியேற்றுங்கள். காலி இன்ஜினில் முதன்முறை ஊற்றும்போது ஏர்லாக் கண்டிப்பாக இருக்கும். காற்றுக் குமிழுக்குள் மாட்டிய சென்சார் சூட்டைச் சரியாகக் காட்டாது, முள் அசையாமலே ஹெட் வெந்துபோகும்.

எங்கள் லேத் பட்டறை பாய் கைதேர்ந்தவர். அவர் விட்ட பேரிங் கிளியரன்ஸில் நான் குறை கண்டதே இல்லை. அவரே கேட்டார்: "தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போட்டுடு தம்பி, நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு?"

"இல்ல பாய், இது இன்ஜெக்‌ஷன் வண்டி" என்றேன். விளக்கிச் சொன்னதும் ஒப்புக்கொண்டார். இன்ஜின் சூடாகும்வரை கூலண்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வர வெகுநேரம் ஆகும், ரோட்டில் ஓடும்போது வராமலேகூடப் போகும். சூட்டு சென்சாரைப் பார்க்கும் ஈசியூ, இன்ஜின் இன்னும் குளிர்ந்தே இருக்கிறது என்று நினைத்துப் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போகும். மறுபடியும் சிலிண்டர் கழுவல்தான். அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர்தான் எங்கள் ஊர். அதற்குச் சுத்தமான ரேடியேட்டரும் சரியாக ஓடும் ஃபேனும் வேண்டும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது அதற்கு மருந்தல்ல.

எர்த், சென்சார், பேட்டரி

இன்ஜெக்‌ஷன் வண்டி முதல் நாள் ஸ்டார்ட் ஆகாததற்கு நான் பார்த்த காரணங்களில் பாதிக்கு மேல் இங்கேதான். இன்ஜின் பிளாக்கிலிருந்து பாடிக்குப் போகும் தடித்த எர்த், ஈசியூவின் எர்த் இரண்டையும் பெயிண்ட் சுரண்டிய வெற்று உலோகத்தில் இறுக்குங்கள். புதிதாகப் பெயிண்ட் அடித்த இன்ஜின் பார்க்க அழகு, ஆனால் பெயிண்ட் கரண்டை விடாது.

சூட்டு சென்சார் பெரும்பாலும் இரண்டு இருக்கும். ஒற்றை ஒயர் உள்ளது டேஷ்போர்டு முள்ளுக்கு, இரண்டு ஒயர் உள்ளது ஈசியூவுக்கு. அவசரத்தில் இரண்டாவதை மாட்ட மறந்துவிடுவார்கள். கிராங்க் சென்சார் அல்லது டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து வரும் சிக்னல் ஒயரும் அப்படித்தான். அது இல்லாவிட்டால் தீப்பொறியும் வராது, பெட்ரோலும் தெளிக்காது. கழற்றும்போதே ஒவ்வொரு கனெக்டருக்கும் டேப் ஒட்டி எழுதி வைத்திருந்தால் இந்த வேலை பத்து நிமிடம். எழுதாதவர்கள் ஒரு நாளை ஒதுக்கி நிதானமாக உட்காருங்கள்.

பேட்டரி முழு சார்ஜில், 12.6 வோல்ட் காட்டட்டும். புது ரிங் போட்ட இன்ஜின் இறுக்கமாகச் சுற்றும். சுற்றும்போது வோல்ட் 10-க்குக் கீழே போனால், செல்ஃப் சுற்றினாலும் ஈசியூ ஒழுங்காக வேலை செய்யும் என்று நம்ப முடியாது.

பெட்ரோல் லைன்

டேங்கில் நின்ற பழைய பெட்ரோலை முழுக்க இறக்கிவிடுங்கள். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-இல் வரத் தொடங்கியது, இப்போது பங்க்குகளில் பரவலாக அதுதான். எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், பழைய ரப்பரையும் பதம் பார்க்கும். அதனால் ஹோஸ்கள் எல்லாமே புதிதாக வேண்டும். கார்புரேட்டர் லைனில் அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சில பவுண்டுதான். எம்பிஎஃப்ஐ லைனில் பொதுவாக 2.5 முதல் 3 பார், அதாவது 36 முதல் 43 பவுண்டு வரை. கார்புரேட்டர் ஹோஸை அங்கே மாட்டினால் பீய்ச்சி அடிக்கும், கீழேயே எக்சாஸ்ட் இருக்கிறது. கடையில் "இன்ஜெக்‌ஷன் ஹோஸ், எத்தனாலுக்குத் தாங்கறது" என்று கேட்டு வாங்குங்கள். ஃபில்டரை மாற்றுங்கள். இன்ஜெக்டர்களைச் சுத்தம் செய்யக் கொடுத்து, புது ஓ-ரிங் போட்டு, அதில் துளி எண்ணெய் தடவி நேராக அழுத்தி உட்கார வையுங்கள். காய்ந்த ஓ-ரிங் ஓரத்தில் கிழிந்தால் வெளியே தெரியாது.

இவ்வளவும் செய்துவிட்டு, ஃப்யூயல் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிப் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் நேரம் வரவில்லை.

கையால் இரண்டு சுற்று

பிளக்குகளைக் கழற்றி, கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டு இன்ஜினை ஓடும் திசையில் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். நான்கு ஸ்ட்ரோக் முடிய கிராங்க் இரண்டு முறை சுற்ற வேண்டும், அதனால்தான் இரண்டு. எங்காவது இடித்தால் வலுக்கட்டாயமாகத் தள்ளாதீர்கள். டைமிங் தவறி வால்வு பிஸ்டனில் இடிக்கலாம். சுற்றி முடித்ததும் டைமிங் மார்க்குகள் மறுபடி நேருக்கு நேர் வருகின்றனவா என்று பாருங்கள். டேப்பட் கிளியரன்ஸையும் (வால்வுக்கு விடும் சிறு இடைவெளி) இப்போதே ஒருமுறை சரிபாருங்கள்.

பெட்ரோல் இல்லாமல் செல்ஃப்

பிளக்குகள் வெளியே, பம்ப் ஃபியூஸ் பாக்கெட்டில், இன்ஜெக்டர் கனெக்டர்கள் கழன்று, காயிலின் கனெக்டரும் கழன்று இருக்க வேண்டும். கம்ப்ரெஷன் இல்லாததால் பேரிங்கில் பாரம் விழாது, இன்ஜின் வேகமாகச் சுற்றும், ஆயில் பம்ப் எண்ணெயை ஏற்றும்.

ஆயில் லைட் மிகக் குறைந்த அழுத்தத்திலேயே அணைந்துவிடும், அதை மட்டும் நம்பாதீர்கள். ஆயில் பிரஷர் சுவிட்ச் இருக்கும் இடத்தில் ஒரு முள் வைத்த கேஜை மாட்டுங்கள். பெரிய பட்டறைகளில் இரவல் கிடைக்கும். பத்து நொடி செல்ஃப், ஒரு நிமிடம் ஓய்வு. செல்ஃப் மோட்டார் சூடேறி எரியாமல் இருக்க அந்த ஓய்வு அவசியம். என் வண்டியில் நான்காவது முறைதான் முள் எழுந்தது. எழுந்த பிறகும் இரண்டு முறை அடித்து, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். வால்வுகளை அழுத்தும் ராக்கர்கள் மேல் எண்ணெய் வந்து பளபளத்தது. அதைப் பார்த்தபோது வந்த நிம்மதி, இன்ஜின் ஸ்டார்ட் ஆனபோது வந்ததைவிடப் பெரிது.

ஆறேழு முறை அடித்தும் முள் எழவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். ஆயில் பம்ப் காற்றைப் பிடித்திருக்கலாம், பிக்கப் குழாயின் கேஸ்கெட் விட்டிருக்கலாம். சம்ப்பை இறக்கிப் பார்க்க நேர்ந்தாலும் பார்த்துவிடுங்கள்.

பெட்ரோலை வரவழைப்பது

பிளக்குகளைப் போட்டு, பிளக் ஒயர்களை வரிசைப்படி மாட்டுங்கள். நான்கு சிலிண்டர் என்றால் பொதுவாக 1-3-4-2, மூன்று சிலிண்டர் மாருதி 800-க்கு 1-3-2. கழற்றிய கனெக்டர்களை எல்லாம் திரும்ப மாட்டி, பம்ப் ஃபியூஸையும் போடுங்கள்.

இப்போது செல்ஃப் அடிக்காமல் இக்னிஷனை மட்டும் ஆன் செய்யுங்கள். பின்னாலிருந்து இரண்டு மூன்று நொடி பம்ப் சத்தம் கேட்டு நிற்க வேண்டும். இன்ஜின் சுற்றாததால் ஈசியூ பம்ப்பை நிறுத்திவிடும், அது சரிதான். ஆஃப் செய்து மறுபடி ஆன். நான்கைந்து முறை இப்படிச் செய்தால் காலியாக இருந்த லைன் நிரம்பி அழுத்தம் வந்துவிடும். ஒருவர் சாவியைப் பார்த்துக்கொள்ள, இன்னொருவர் டார்ச்சோடு டேங்கிலிருந்து இன்ஜெக்டர் வரை ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். ஈரம் தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஒரு துளிதானே என்று விட்டுவிடாதீர்கள்.

ஸ்டார்ட்

விடியற்காலையில் செய்யுங்கள். வெளிச்சம் இருக்கும், வெயில் இருக்காது. வண்டி ஷெட்டுக்குள் இல்லாமல் திறந்த வெளியில் நிற்கட்டும். பவுடர் வகைத் தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். தண்ணீர் வாளி பெட்ரோல் தீக்கு உதவாது. மூன்று பேர் வேண்டும்: சாவியில் ஒருவர், ஆயில் கேஜில் ஒருவர், பெட்ரோல் லைனில் ஒருவர். கேஜில் இருப்பவர் "நிறுத்து" என்றால் சாவியில் இருப்பவர் ஏன் என்று கேட்காமல் ஆஃப் செய்ய வேண்டும். இதை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக்ஸிலேட்டரில் கால் வைக்காமல் சாவியைத் திருப்புங்கள். பெட்ரோல் எவ்வளவு என்பதை ஈசியூ பார்த்துக்கொள்ளும். எல்லாம் சரியாக இருந்தால் ஐந்து பத்து நொடிக்குள் பிடித்துவிடும். பிடித்த ஐந்து நொடிக்குள் ஆயில் முள் எழ வேண்டும், இல்லையென்றால் உடனே ஆஃப்.

பிடிக்கவில்லை என்றால் மூன்று முறைக்கு மேல் அடிக்காதீர்கள். ஒரு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, தீப்பொறிதான் இல்லை அல்லது நேரம் தவறி வருகிறது. காய்ந்திருந்தால் இன்ஜெக்டருக்கு சிக்னலோ பெட்ரோலோ வரவில்லை. பிளக்குகள் தொப்பலாக நனைந்திருந்தால் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கி, பிளக்குகளைக் கழற்றிக் காயவிடுங்கள். காயிலின் கனெக்டரைக் கழற்றிவிட்டு இன்ஜினைச் சிறிது சுற்றி ஆவியை வெளியேற்றுங்கள். டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாசனை வந்தால் எண்ணெயை மாற்றாமல் மேலே போகாதீர்கள். தெருப்பையன்களைக் கூப்பிட்டு வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்வதும் கூடாது. பற்றாத பெட்ரோல், எக்சாஸ்ட் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதைப் பொசுக்கிவிடும்.

முதல் இருபது நிமிடம்

ஸ்டார்ட் ஆனதும் எல்லோருக்கும் கைதட்டத் தோன்றும், இன்ஜினை ஐடிலில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போவார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஐடிலில் ஆயில் பம்ப் மெதுவாகச் சுற்றும், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டுக்குப் போதிய எண்ணெய் போகாது. முள் எழுந்ததைப் பார்த்தவுடன் மெதுவாக 1500 ஆர்பிஎம்முக்கு ஏற்றி, 1500-க்கும் 2200-க்கும் நடுவே மாற்றி மாற்றி இருபது நிமிடம் ஓட விடுங்கள். பழைய 1489 சிசி அம்பாசிடர் இன்ஜின்போல டேப்பட் நேரடியாகக் கேமில் உரசும் வகைக்குப் புது கேம்ஷாஃப்ட் போட்டிருந்தால் இந்த இருபது நிமிடம்தான் அதன் ஆயுளைத் தீர்மானிக்கும்.

முதல் சில நிமிடம் வெள்ளையும் நீலமுமாகப் புகை வரும். அசெம்பிளி எண்ணெயும் எக்சாஸ்ட் பெயிண்ட்டும் எரிகின்றன, பயப்பட வேண்டாம். கறுப்புப் புகை விடாமல் வந்தால் பெட்ரோல் அதிகம், ஈசியூவின் சூட்டு சென்சாரைப் பாருங்கள். இன்ஜின் சூடான பிறகும் இனிப்பு வாசனையோடு வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள். டேப்பட் சத்தம் ஒரு நிமிடத்தில் அடங்கிவிடும். அடியிலிருந்து கனமான தட்டல் சத்தம் வந்தால் ஒரு நொடிகூட யோசிக்காமல் ஆஃப் செய்யுங்கள்.

காலை எடுத்ததும் ஐடில் ஏறி இறங்கினால் எங்கோ காற்று இழுக்கிறது. இன்டேக் கேஸ்கெட், பிரேக் பூஸ்டர் ஹோஸ், இன்ஜெக்டர் ஓ-ரிங் இவற்றைப் பாருங்கள். பேட்டரி கழற்றியிருந்ததால் ஈசியூ ஐடிலைப் புதிதாகக் கற்கவும் கொஞ்ச நேரம் எடுக்கும்.

சூட்டு முள் நடுவைத் தாண்டி ஏறினால் நிறுத்திவிடுங்கள். ஃபேன் தானாக ஓடுகிறதா, மேல் ஹோஸ் சூடாகிறதா என்று தொட்டுப் பாருங்கள். எந்தக் காரணத்துக்காக நிறுத்தினாலும் சரிசெய்துவிட்டு மீண்டும் தொடங்கி மிச்ச நிமிடங்களை முடிக்கலாம். டைமிங் லைட் வைத்து இக்னிஷன் டைமிங் பார்ப்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். சில வண்டிகளில் அதற்கு டயக்னாஸ்டிக் கனெக்டரில் இரண்டு முனைகளை இணைக்க வேண்டும், கையேட்டில் இருக்கும்.

அதற்குப் பிறகு

சூடு இருக்கும்போதே எண்ணெயை இறக்கி, ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். எண்ணெயை வெள்ளைத் துணி வழியாக வடிகட்டிப் பாருங்கள். பொடிப்பொடியாக மின்னினால் அது புது ரிங்கும் சிலிண்டரும் உரசிய தூள், சரிதான். செதில்போல, செம்பு நிறத்தில் ஏதாவது கிடந்தால் பேரிங். அந்தத் துணியை மடித்து எடுத்துக்கொண்டு லேத்காரரிடம் போங்கள். இன்ஜின் இரவு முழுக்க ஆறட்டும். மறுநாள் கூலண்ட் அளவையும், கையேடு சொன்னால் ஹெட் போல்ட் இறுக்கத்தையும் டேப்பட்டையும் பாருங்கள்.

ரிங் படிய பாரம் வேண்டும். வேலூர் கிரீன் சர்க்கிள் நெரிசலில் ஊர்ந்தால் படியாது. சத்துவாச்சாரியிலிருந்து நெடுஞ்சாலையில் ஏறி ஆற்காடு வரை சுமார் 20 கி.மீ. சமதளம், காலை ஆறு மணிக்குக் காலியாக இருக்கும். மேல் கியரில் 40-இலிருந்து 70 வரை உறுதியாக மிதித்து ஏற்றி, காலை எடுத்து வண்டியைத் தானாக வேகம் குறைய விடுங்கள். ஏற்றும்போது ரிங் சுவரில் அழுந்தும். காலை எடுக்கும்போது எண்ணெய் மேலே இழுபட்டுச் சுவரைக் குளிர்விக்கும். இப்படிப் பத்துப் பன்னிரண்டு முறை. பின்னால் லாரி வருகிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டே செய்யுங்கள்.

500 கி.மீ.யில் மறுபடி எண்ணெயும் ஃபில்டரும். அதுவரை ஒரே வேகத்தில் மணிக்கணக்காக ஓட்ட வேண்டாம், 3000 ஆர்பிஎம்முக்கு மேல் முறுக்கவும் வேண்டாம். வாரம் ஒருமுறை டிப்ஸ்டிக்கில் எண்ணெய் எவ்வளவு குறைந்தது என்று நோட்டில் எழுதுங்கள். குறைவது வாரத்துக்கு வாரம் சுருங்கி வந்தால் ரிங் படிகிறது. 1000 கி.மீ. தாண்டிய பிறகு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஏலகிரிக்குப் போகலாம். 14 கொண்டை ஊசி வளைவு, இரண்டாம் கியர். மேலே போய் நிறுத்தியதும் பானெட்டைத் திறந்து பெட்ரோல் லைனை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.